நான்காம் அத்தியாயம்: வெட்டு எங்கே விழ வேண்டும்

பதிவு முடிந்துவிட்டது. பாடகி வீட்டுக்குப் போய்விட்டார். கணினியில் அவர் பாடிய நான்கு டேக்குகள் இருக்கின்றன. முதல் டேக்கில் பல்லவி உயிரோடு இருக்கிறது, ஆனால் சரணத்தின் நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். இரண்டாவதில் சரணம் சுத்தம், பல்லவி தூங்குகிறது. மூன்றாவதில் நல்ல இடமாகப் பார்த்துத் தெருவில் ஒரு ஹாரன். நான்காவதில் குறை எதுவும் இல்லை, அதனாலேயோ என்னவோ கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. இந்த நான்கிலிருந்து, ஒரே மூச்சில் பாடியது போன்ற ஒரு பாட்டை எடுத்தாக வேண்டும். மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எடிட்டிங் என்றதும் புதியவர்கள் மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். பட்டன்களை ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடலாம். ஒலியில் எந்த இடம் வெட்டைத் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று காதுக்குத் தெரியத்தான் நாளாகும். இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அதற்கே.

எடுத்துக்காட்டுகளுக்கு ரீப்பர் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். வின்ஆம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கியது இது. 60 நாட்கள் முழு வசதியோடு இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடும். செலவே வேண்டாம் என்றால் ஆடாசிட்டி இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருள், ஒற்றைக் குரலை வெட்டி ஒட்டப் போதும். க்யூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ், எஃப்எல் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் விசைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் சரி.

கை வைக்கும் முன்

ரீப்பரில் நீங்கள் வெட்டும்போது வட்டில் இருக்கும் ஒலிக்கோப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. திரையில் தெரியும் துண்டு, அந்தக் கோப்பின் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. துண்டின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தால், வெட்டி எறிந்ததாக நினைத்த ஒலி திரும்ப வந்துவிடும். ஆகவே பயப்படாமல் வெட்டலாம். ஆடாசிட்டியில் நெடுங்காலம் மாற்றங்கள் ஒலியின் மேலேயே நேராக விழுந்தன. 2021இல் வந்த 3.1 பதிப்பிலிருந்துதான் அங்கும் ஓரத்தை இழுத்து மீட்கும் வசதி வந்தது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மூலக்கோப்பு தொலைந்தால் குறிப்பால் ஒரு பயனும் இல்லை. டெஸ்க்டாப்பில் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று டேக்குகள் சிதறிக் கிடக்க, புராஜெக்டை மட்டும் பத்திரமாகச் சேமித்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முதல்முறை சேமிக்கும்போதே, ஒலிக்கோப்புகள் அனைத்தையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதிய பெயரில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்: எடிட் 1, எடிட் 2 என்று. ‘ஃபைனல்’ என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அடுத்தது ‘ஃபைனல் புதுசு’ ஆகும், அதற்கடுத்தது எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

சாம்பிள் ரேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டு மட்டும் என்றால் 44,100, வீடியோவுக்குப் போகிறதென்றால் 48,000 என்பது வழக்கம். இரண்டிலும் 24 பிட். புராஜெக்ட்டின் எண்ணும் கோப்பின் எண்ணும் வேறுபட்டாலும் மென்பொருள் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்யாமல் விட்டால் 44,100இல் பதிவான குரல் 48,000இல் ஓடும். வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். பாடகி திடீரென்று சின்னப் பெண்ணாகிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த எண்ணை.

டிக் என்ற சத்தம்

துண்டைத் தேர்ந்தெடுத்து, கர்சரைத் தேவையான இடத்தில் வைத்து, எஸ் விசையைத் தட்டினால் துண்டு இரண்டாகும். வெட்டு என்பது அவ்வளவுதான். இனி ஒரு பாதியை நகர்த்தி வேறு டேக்கின் பாதியோடு ஒட்டிக் கேளுங்கள். ஒட்டிய இடத்தில் பல சமயம் ‘டிக்’ என்று கேட்கும்.

அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். ஒலியின் அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. முதல் துண்டு அலையின் உச்சியில் முடிந்து, அடுத்த துண்டு பள்ளத்தில் தொடங்கினால், ஸ்பீக்கரின் கூம்பு வினாடியில் 48,000இல் ஒரு பங்கு நேரத்துக்குள் அங்கிருந்து இங்கே குதிக்க வேண்டும். அந்தக் குதிப்புதான் டிக்.

இரண்டு துண்டுகளையும் அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் குதிப்பு குறையும். ஆடாசிட்டியில் இசட் விசை, தேர்ந்தெடுத்த பகுதியின் ஓரங்களை அருகிலுள்ள அத்தகைய புள்ளிகளுக்கு நகர்த்திக் கொடுக்கும். ஆனாலும் ஒரு அலை மேலேறும்போதும் மற்றது கீழிறங்கும்போதும் கோட்டைத் தொட்டால் முறிவு கொஞ்சம் மிஞ்சும். நம்பகமான வழி கிராஸ்ஃபேடு: இரண்டு துண்டுகளையும் மில்லிசெகண்ட் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒன்று தணியத் தணிய மற்றது எழும்படி செய்வது. ரீப்பர் வெட்டும்போதே ஓரங்களில் சின்ன ஃபேடு ஒன்றைத் தானாகப் போட்டுவிடும். அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் அந்த டிக்கைக் கேட்காமலேயே வேலை செய்கிறார்கள். வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில்தான் திகைக்கிறார்கள்.

காந்த நாடா காலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. நாடாவை உலோகக் கட்டையின் பள்ளத்தில் பதித்து, சவர பிளேடால் 45 டிகிரி சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பார்கள். கால் அங்குல நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடும்போது, அந்தச் சாய்ந்த வெட்டு வாசிப்புத் தலையைக் கடக்கச் சுமார் 17 மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை பழைய ஒலி விலகிக்கொண்டே போக, புதியது நுழைந்துகொண்டே வரும். கிராஸ்ஃபேடு பிளேடின் சாய்விலேயே இருந்திருக்கிறது! இன்றைக்கும் குரலுக்கு 5 முதல் 20 மில்லிசெகண்ட் என்பதே நல்ல தொடக்கம்.

கிராஸ்ஃபேடின் வளைவுக்கு இரண்டு வடிவங்கள் தெரிந்தால் போதும். நேர்கோட்டு வடிவத்தில் நடுப்புள்ளியில் இரண்டு துண்டுகளும் 6 டெசிபெல் தணிந்திருக்கும். ஒரே ஒலியின் இரண்டு பகுதிகளை ஒட்டும்போது, உதாரணமாக நடுவிலிருந்த ஒரு இருமலை எடுத்துவிட்டு இருபுறத்தையும் இணைக்கும்போது, இதுவே சரி. வளைந்த வடிவத்தில் நடுப்புள்ளியில் 3 டெசிபெல்தான் தணிவு. வெவ்வேறு டேக்குகள் சேரும் இடத்தில் நேர்கோடு போட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழும்; வளைவு அதை நிரப்பும். ஒரே ஒலிக்கு வளைவைப் போட்டால் நேர்மாறாக நடுவில் வீங்கும். எது என்று குழம்பினால் இரண்டையும் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் எதுவும் சரிதான்.

வல்லினம் எடிட்டரின் நண்பன்

தமிழ்ப் பாட்டை எடிட் செய்கிறவருக்குப் பள்ளிக்கூடத்து இலக்கணம் எதிர்பாராத உதவியாக வரும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பாகுபாடு ஒலியலையில் கண்ணுக்கே தெரிகிறது.

‘பாட்டு’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பா’ என்ற கொழுத்த அலைக்குப் பிறகு, ‘ட்’ உச்சரிக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியதும் அலை கிட்டத்தட்டப் படுத்துவிடும். வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, மெதுவான பாட்டில் அதைவிடவும் கூட, ஏறக்குறைய அமைதி. பிறகு சின்ன வெடிப்போடு ‘டு’ பிறக்கும். அந்த அமைதிதான் உங்களுக்குத் தேவையான இடம். ‘பா’ முதல் டேக்கிலிருந்தும் ‘ட்டு’ மூன்றாம் டேக்கிலிருந்தும் வந்தால்கூட யாருக்கும் தெரியாது. பக்கம், முத்து, அப்பா, அச்சம் என்று வல்லின மெய் இரட்டிக்கும் சொற்கள் அனைத்திலும் இந்தப் பள்ளம் உண்டு.

சொல்லுக்குள் மட்டுமல்ல, சொற்களுக்கு நடுவிலும் இது வாய்க்கும். ‘அந்தக் கிளி’, ‘பாட்டுப் பாடினாள்’ என்று ஒற்று மிகும் இடத்தில் ‘க்’, ‘ப்’ இரண்டு சொற்களுக்கும் நடுவே வாயை ஒருகணம் அடைக்கிறது. ஒற்று மிகும் இடங்களைப் பாடகர் ஒழுங்காக உச்சரித்திருந்தால் பாட்டு முழுக்க வெட்டுவதற்கு வாசல்கள் கிடைக்கும். ‘அந்த கிளி’ என்று வழவழவென்று பாடுகிறவர் தமிழாசிரியரை மட்டுமா வருத்துகிறார்?

எழுத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ‘மகள்’, ‘பாகம்’, ‘அது’ ஆகியவற்றில் இருப்பதும் வல்லின எழுத்துதான். ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும்போது அது மெலிந்துவிடுகிறது. குரல்நாண் அதிர்வு நிற்பதே இல்லை, பள்ளமும் இல்லை. ‘பந்து’, ‘சங்கு’ போன்றவற்றிலும் அதிர்வு தொடர்கிறது. எழுத்து என்ன சொன்னாலும் அலை என்ன சொல்கிறது என்று பார்த்தே பிளேடை இறக்குங்கள்.

மெல்லினம் இரண்டாம் தரம். ‘ம்’, ‘ன்’ நீளும்போது ஒலி தணிந்து, நிறம் மாறாமல் சமமாக இருக்கும். இரண்டு டேக்குகளும் ஒரே சுரத்தில் நின்றால் 20 அல்லது 30 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு அங்கே ஒட்டிக்கொள்ளும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ச’ எதிர்பாராத நல்ல இடம். ‘ஸ்’ என்ற சீறலுக்குச் சுரம் கிடையாது. இரைச்சலோடு இரைச்சலைச் சேர்த்தால் தையல் தெரியாது.

இடையினத்தை மட்டும் தொடாதீர்கள். ‘மழை’, ‘விழி’, ‘வயல்’ போன்ற சொற்களில் நாக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒலியின் நிறமும் ஓயாமல் மாறுகிறது. நடுவில் வெட்டினால் இரண்டு வாய்கள் கேட்கும். அத்தகைய சொல் கெட்டிருந்தால், முன்னாலும் பின்னாலும் வல்லினமோ மூச்சோ வரும் இடம்வரை போய், அந்தப் பகுதி முழுவதையும் வேறு டேக்கிலிருந்து எடுப்பதே நல்லது.

நீண்ட கார்வைகளும் அப்படியே. ‘ஆ’ என்று இழுத்து நிற்கும் இடத்தில் இரண்டு டேக்குகளை நீளமாகக் கிராஸ்ஃபேடு செய்தால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். கணநேரம் குரல் உள்ளீடற்றுச் சுழல்வதுபோல் கேட்கும். வேறு வழியே இல்லையென்றால் கிராஸ்ஃபேடை 5 மில்லிசெகண்டுக்குச் சுருக்கி, இரண்டு அலைகளின் உச்சிகள் நேருக்கு நேர் வரும்படி ஒன்றைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

டேக்குகளிலிருந்து ஒரு பாட்டு

பல டேக்குகளிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்து ஒரே டிராக்காக்குவதை ஸ்டூடியோக்களில் கம்பிங் என்பார்கள். ரீப்பரில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பதிவு செய்தால் டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். டி விசை அடுத்த டேக்குக்கு மாற்றும்.

முதலில் எதையும் வெட்டாமல், பாட்டு வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நான்கு டேக்குகளையும் முழுதாகக் கேளுங்கள். பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் டேக் எண்ணைக் குறியுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுக்கிறவர்கள் அலை அழகாக இருக்கும் டேக்கைத் தேர்ந்துவிடுவார்கள். பிறகு, அதிகக் குறிகள் வாங்கிய டேக்கை அடித்தளமாக வைத்து, குறையுள்ள வரிகளுக்கு மட்டும் மற்றவற்றிலிருந்து எடுங்கள். சொல்லுக்குச் சொல் டேக் மாறினால் பிழையே இருக்காது, பாடியவரும் இருக்க மாட்டார்.

கம்பிங் பிழைதிருத்த மட்டும்தானா என்று கேட்டால், கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இல்லை என்பார். 1966இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றைப் பதிவு செய்தபோது ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும் பிழையின்றி அமைந்தன. ஒன்று கனத்துக் கிடந்தது, மற்றது துள்ளிக்கொண்டே இருந்தது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அலுத்தன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதையும் நடுப்பகுதிக்கு எட்டாவதையும் வைத்து ஒட்டினார்கள். வேகம் இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் ஒட்டு நின்றது. மேடையில் ஒரே அமர்வில் வாசித்தால் கிடைக்காத ஒரு வாசிப்பு பிளேடால் கிடைத்தது என்பது அவர் வாதம். கச்சேரி மேடையை அவர் அதற்கு முன்பே விட்டுவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூச்சைப் பற்றி ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மூச்சு, அடுத்து வரும் வரிக்குச் சொந்தம். இரண்டாம் டேக்கிலிருந்து ஒரு வரியை எடுத்தால் அதற்கு முன் வாங்கிய மூச்சையும் சேர்த்தே எடுங்கள். வெட்டு அந்த மூச்சுக்கும் முன்னால் விழட்டும். மூச்சுகளை மொத்தமாகத் துடைத்தெறிவது புதியவர்களுக்குப் பிடித்த வேலை; துடைத்த குரலைக் கேட்டால் நமக்கே மூச்சு முட்டும். உறுத்தும் மூச்சுகளை மட்டும் தனித்துண்டாக்கி 6 முதல் 10 டெசிபெல் குறைத்தால் போதும்.

துண்டு சரியான இடத்தில் இருந்தும் உள்ளே இருக்கும் சொல் முந்தியோ பிந்தியோ நின்றால், துண்டை நகர்த்த வேண்டாம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் துண்டின் எல்லைகள் அசையாமல் உள்ளிருக்கும் ஒலி மட்டும் வழுக்கும். நன்றாகப் போட்ட கிராஸ்ஃபேடுகள் கலையாமல் நேரத்தைத் திருத்த இதைவிட எளிய வழி இல்லை.

தாளமும் கட்டமும்

மென்பொருளின் திரையில் தாளக் கட்டங்கள் கோடுகளாக ஓடும். ஸ்னாப் வசதி இயங்கினால் துண்டுகள் கோட்டில் காந்தம்போல் ஒட்டும். கிளிக் டிராக்கோடு பதிவான திரையிசைப் பாட்டுக்கு அது வசதி. ஆனால் குரலை எடிட் செய்யும்போது நான் ஸ்னாப்பை அணைத்துவிடுவேன். ரீப்பரில் ஆல்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் அணையும். காரணம் இது: காது தாளத்தை அறிவது சொல்லின் முதல் ஒலியில் அல்ல, உயிரொலி எழும் இடத்தில். ‘சந்தம்’ என்ற சொல்லில் ‘ஸ்’ என்ற சீறல் கணிசமான நேரம் ஓடிய பிறகே ‘அ’ வருகிறது. துண்டின் ஓரத்தைக் கோட்டில் ஒட்டினால் பாடகி பிந்திவிட்டதாகக் கேட்கும். ‘அ’வைக் கோட்டில் நிறுத்தி, சீறலை முன்னால் நீட்ட விடுங்கள்.

தாளவாத்தியங்களுக்கு டேப் விசை உதவும். கர்சர் அடுத்தடுத்த அடி எழும் இடத்துக்குத் தாவும். மிருதங்கத்தை எடிட் செய்யும்போது அடிக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். முந்தைய ‘தோம்’மின் கார்வை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதை வெட்டில் அறுத்துவிடாமல் புதிய அடியின் வெடிப்புக்குள் மறையும்படி கிராஸ்ஃபேடு போடுங்கள். ஓங்கிய அடி ஒன்று, தனக்குச் சில மில்லிசெகண்ட் முன்னால் நடந்த கோளாறுகளைக் காதிலிருந்து மறைத்துவிடும்.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்திருந்தால் இரண்டு டிராக்குகளையும் குழுவாகச் சேர்த்துவிட்டே வெட்டுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு மில்லிசெகண்ட் நகர்த்தினாலும் மைக்கை அவ்வளவு தூரம் தள்ளிவைத்ததாக ஆகும். தொப்பியின் கனம் காணாமல் போகும்.

கிளிக் இல்லாமல், காலப்பிரமாணத்தை நம்பிப் பாடிய பாட்டைக் கட்டத்துக்குள் திணிப்பது வீண். வேகம் கொஞ்சம் கூடிக் குறைவது அங்கே இயல்பு. இரண்டு டேக்குகளுக்கு இடையே வேகம் வேறுபட்டால், சேரும் இடத்தில் மட்டும் நீட்டிச் சுருக்கலாம். ரீப்பரில் ஷிஃப்ட்டும் டபிள்யூவும் அழுத்தி நீட்டல் குறிகள் போட்டு, குறிகளை இழுக்கலாம். குரல் 3, 4 சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளும். மிருதங்கம் அதைக்கூடப் பொறுக்காது, அடியின் கூர்மை மழுங்கும். அங்கே நீட்டாமல் அடிக்கு அடி வெட்டி நகர்த்துவதே மேல்.

வேகமும் சுருதியும் ஒரேயடியாக வேறுபட்ட இரண்டு டேக்குகளை ஒட்டிய புகழ்பெற்ற கதை பீட்டில்ஸ் குழுவுடையது. 1966 டிசம்பரில் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டுக்கு ஏழாவது டேக்கின் தொடக்கமும் இருபத்தாறாவது டேக்கின் மீதியும் வேண்டும் என்று ஜான் லெனன் கேட்டார். இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். வேகமான டேக்கின் நாடாவை மெதுவாக ஓட்டினால் சுருதியும் சேர்ந்து இறங்கும் என்பதுதான் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கும் கைகொடுத்தது. பாட்டில் ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்ததும் அந்த ஒட்டு வருகிறது. தெரிந்துகொண்டு கேட்டால் குரலின் நிறம் மாறுவது பிடிபடும்.

சுருதியைத் திருத்துவது

ஆண்டி ஹில்டிபிராண்ட் எண்ணெய்த் துறைக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணிதத்தைக் குரலுக்குத் திருப்பி 1997இல் ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்தார். 2001இல் வந்த மெலோடைன் ஒவ்வொரு சுரத்தையும் தனிக் குமிழாகத் திரையில் காட்டியது. இவை இரண்டும் பன்னிரண்டு சுரத்தானங்களைக் கட்டங்களாக வைத்துக்கொண்டு, குரல் எந்தக் கட்டத்துக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து அங்கே தள்ளுகின்றன. கீபோர்டில் மெட்டமைத்த பாட்டுக்கு இது பொருந்தும்.

தோடியின் காந்தாரத்துக்குப் பொருந்தாது. அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவதுதான் அதன் உருவம். தானியங்கித் திருத்தத்தைப் போட்டால் மென்பொருள் அசைவைப் பிழையாக எடுத்துக்கொண்டு படிக்கட்டாக வெட்டிவிடும். ராகம் செத்துவிடும். கமகம் உள்ள குரலுக்கு மெலோடைனில் கையால் மட்டும் திருத்துங்கள்: குமிழை முழுதாக மேலோ கீழோ நகர்த்தலாம், சுரத்துக்குள் நடக்கும் அசைவைக் குறைக்கும் கருவியைத் தொட வேண்டாம். சுரத்தைத் தொடாமல் இறுதியில் சரியும் கார்வை, சற்றே தாழ்ந்து நிற்கும் பஞ்சமம், மேல் சட்ஜம் ஆகிய அசையாத இடங்களில்தான் இந்தக் கருவிக்கு வேலை. அரைச்சுரம் 100 சென்ட் என்று கணக்கு. 10 சென்ட் விலகலை வாத்தியங்களோடு சேர்த்துக் கேட்டுவிட்டு, உறுத்தவில்லையென்றால் அப்படியே விடுங்கள்.

தொடங்கும் முன் ஆதாரச் சுருதியைச் சொல்லிவிட வேண்டும். 5½ கட்டை என்பது கீபோர்டில் ஜி ஷார்ப், 1 கட்டை என்பது சி. தம்புரா நிலையான 440 அளவிலிருந்து சற்று விலகி மீட்டப்பட்டிருந்தால் மென்பொருளின் அடிப்படை அளவையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இல்லையென்றால் சரியாகப் பாடியவரைத் திருத்தித் திருத்தி அபசுரமாக்குவீர்கள்.

தம்புரா வேறொரு விதத்திலும் தொல்லை தரும். பாடகியின் மைக்கில் தம்புராவும் விழுந்திருந்தால், குரலை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் அந்த ரீங்காரமும் வெட்டுப்படும். தந்திகளின் சுழற்சி நடுவில் தாவும். தம்புராவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுப் பாட வைப்பதே சிறந்த தடுப்பு. ஏற்கனவே விழுந்துவிட்டதென்றால், அதே சுருதியில் வெட்டில்லாத தம்புரா டிராக் ஒன்றை அடியில் முழுநீளத்துக்கு ஓடவிடுங்கள். பெரும்பாலான தாவல்கள் அதற்குள் அமுங்கிவிடும்.

இரைச்சல்

பாட்டு தொடங்கும் முன் ஐந்தாறு வினாடி அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? இரைச்சல் குறைப்புக் கருவிக்கு அதுதான் தீனி. அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் உருவத்தைக் கற்கச் செய்து, பிறகு முழுப் பாட்டிலும் 6 முதல் 12 டெசிபெல்வரை குறையுங்கள். அதற்குமேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். அந்த அமைதிக்கு இன்னொரு பயனும் உண்டு: ஹாரனை வெட்டிய இடத்தில் வெறும் பூஜ்யத்தை விட்டால் காது அதைக் கண்டுபிடித்துவிடும், ஆகவே அறையின் அமைதியில் ஒரு துண்டை அங்கே ஒட்டுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ‘ஹ்ம்’ விழுந்திருந்தால் 50, 100, 150 ஆகிய இடங்களில் ஈக்வலைசரால் குறுகலாகக் குழி வெட்டலாம். மின்விசிறிக்கு மட்டும் நல்ல மருந்து கிடையாது, பாடும்போதே நிறுத்திவிட வேண்டியதுதான்.

‘ப’ ஒலியில் மைக்கில் ‘புஃப்’ என்று காற்று மோதியிருந்தால், அந்தச் சின்ன இடத்தை மட்டும் தனித்துண்டாக்கி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். அதற்காகப் பாட்டு முழுவதன் அடித்தளத்தையும் சீவ வேண்டியதில்லை.

கேட்டுப் பார்த்து அனுப்புவது

டிக் சத்தங்களையும் மூச்சுகளையும் ஹெட்ஃபோனில் குரலைத் தனியாக வைத்துக் கேட்டுப் பிடியுங்கள். தாளத்தையும் சுருதியையும் ஸ்பீக்கரில், எல்லா வாத்தியங்களோடும், தணிந்த சத்தத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். தனியாகக் கேட்கும்போது உறுத்திய ஒட்டு சேர்ந்து கேட்கும்போது மறைந்தால் விட்டுவிடலாம். சேர்ந்து கேட்கும்போது உறுத்துவதை எப்படியும் திருத்தியாக வேண்டும். கேட்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். வெட்டுக்கோடு நெருங்குவதைக் கண் பார்த்தால், இல்லாத கோளாறையும் காது கேட்கும்.

எக்கோ, ரிவெர்ப் எதையும் இதுவரை போட்டிருக்கக் கூடாது. குரலோடு சேர்த்துப் பதிவான ரிவெர்ப்பின் வால் ஒவ்வொரு வெட்டிலும் அறுந்து தொங்கும்.

மிக்ஸ் செய்பவர் வேறொருவர் என்றால், ஒவ்வொரு டிராக்கையும் புராஜெக்ட்டின் பூஜ்யத்திலிருந்தே தொடங்கி, 24 பிட் வேவ் கோப்பாக, புராஜெக்ட்டின் அதே சாம்பிள் ரேட்டில் ஏற்றுமதி செய்யுங்கள். குரல் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறதென்றாலும் அதன் கோப்பு பூஜ்யத்திலிருந்தே இருக்கட்டும். அவர் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால் தானாகப் பொருந்திவிடும். கோப்பின் பெயரில் பாட்டு, டிராக், டெம்போ, சுருதி நான்கையும் எழுதுங்கள். அனுப்பும் முன், வெற்றுப் புராஜெக்ட் ஒன்றைத் திறந்து அந்தக் கோப்புகளை மட்டும் இட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். கடைசிக் கார்வை முழுதாகத் தேயும் முன்பே ஏற்றுமதி முடிந்திருந்தால், இரண்டு வினாடி கூட்டி மறுபடி எடுங்கள்.